மாம்பழக் கணக்கும் மால்குடி தாத்தாவும்!

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழ சீசன் வந்துவிட்டால் போதும்... சாலையோரமெல்லாம் கூடை கூடையாகப் பழம்தான்! செந்தூரா, பெங்களூரா, அல்போன்சா, மல்கோவா என்று பெயரைக் கேட்டாலே நாக்கில் தண்ணீர் ஊறும். மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாக லோடு போகும். அதே நேரத்தில் பள்ளிக்கும் முழு ஆண்டு லீவு. வேறென்ன வேண்டும், குட்டீஸ்?

அப்படி ஒரு லீவு நாளில் அப்பா கூப்பிட்டு, "வா, உட்கார்... கணக்குப் போடு" என்றால் எப்படி இருக்கும்?

சுவாமிநாதன் என்ற பையனுக்கு அதுதான் நடந்தது. கணக்கு இதுதான்: ராமனிடம் 10 மாம்பழங்கள் இருக்கின்றன. அவற்றை 15 அணாவுக்கு விற்க நினைக்கிறான். கிருஷ்ணனுக்கு 4 மாம்பழம் போதும். அவன் எவ்வளவு தர வேண்டும்?

சுவாமி யோசித்தான், யோசித்தான்... அவன் கண்முன் மாம்பழக் கடையே வந்துவிட்டது. ராமனும் கிருஷ்ணனும் எப்படி இருப்பார்கள் என்று கற்பனை ஓடியது. கடைசியில் அப்பாவிடம் ஒரு சந்தேகம் கேட்டான்: அந்த மாம்பழம் பழுத்ததா, காயா?

அப்பாவுக்கு வந்ததே கோபம்! ஆனால், கிருஷ்ணகிரி மண்டியில் கேட்டுப் பாருங்கள்... சுவாமி கேட்டதுதான் சரியான கேள்வி என்பார்கள். பழத்துக்கு ஒரு விலை, காய்க்கு ஒரு விலை இல்லையா?

இந்தச் சுவாமி நிஜப் பையன் இல்லை. 1935ல் வெளிவந்த, 'சுவாமியும் நண்பர்களும்' என்ற ஆங்கில நாவலின் நாயகன். அவனைப் படைத்தவர், ஆர்.கே.நாராயண். உலகம் முழுக்கப் புகழ் பெற்ற நம் ஊர் நாவலாசிரியர்!

நாவலாசிரியர் என்றால் என்ன வேலை செய்வார்? ஓசூர் சிப்காட்டில் உங்கள் அப்பாவோ, மாமாவோ ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் என்று போய் வருவார்கள். மாலையில் கேட்டால், இத்தனை வண்டி தயாரித்தோம், இத்தனை கடிகாரம் முடித்தோம் என்று கணக்குச் சொல்வார்கள். நாவலாசிரியர் என்ன கணக்குச் சொல்வார்? அவருக்கு ஷிஃப்ட் உண்டா? லீவு உண்டா? அவர் வேலையால் யாருக்காவது பயன் உண்டா?

வாங்க, நாராயண் தாத்தாவின் வாழ்க்கையில் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

* * *

பெயரில் ஓர் ஊர்!

ஆர்.கே.நாராயணின் முழுப்பெயர், ராசிபுரம் கிருஷ்ணசுவாமி ஐயர் நாராயணசுவாமி. ஆம்... அந்த 'ஆர்' என்பது, நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் ராசிபுரம்தான்! அந்தக் காலத்தில் ராசிபுரம், ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. 1965ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அப்படிப் பார்த்தால், ஒரு காலத்தில் ஒரே மாவட்டத்துக்காரர் குடும்பம்!

நாராயண் பிறந்தது, 1906 அக்டோபர் 10ல், சென்னையில். புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். அங்கே அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் யார் தெரியுமா? ஒரு மயிலும், ஒரு குரங்கும்! பாட்டி அவரை, 'குஞ்சப்பா' என்று கூப்பிடுவார். மாலையானால் கணக்கும், ஸ்லோகமும், புராணக் கதைகளும் சொல்லிக் கொடுப்பார்.

அவரது மாமா, டி.என்.சேஷாசலம், 'கலாநிலையம்' என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தியவர். கம்பராமாயணத்தில் ஊறிப் போனவர். பல ஆண்டுகள் கழித்து, 1972ல், நாராயண் ஆங்கிலத்தில் ராமாயணம் எழுதியபோது, கம்பனைத்தான் அடிப்படையாக வைத்துக் கொண்டார்.

அப்பா கிருஷ்ணசுவாமி ஐயர், மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமை ஆசிரியர். அதனால், நாராயணும் எல்லை தாண்டி மைசூருக்குப் போனார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், எழுத்தில் ஆங்கிலம். ஓசூர் குட்டீஸுக்கு இது புரியும். உங்கள் வகுப்பிலும், தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழிகள் கேட்குமே!

* * *

தேர்வில் தோற்றார்... புத்தகத்தில் ஜெயித்தார்!

ஒரு ரகசியம். ஆங்கிலத்தில் எழுதி உலகப் புகழ் பெற்ற நாராயண், கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றுப் போனவர்! அதுவும் எந்தப் பாடத்தில்? ஆங்கிலத்தில்!

அந்த ஒரு வருடம் கல்லூரியும் இல்லை, பள்ளியும் இல்லை. வேறு பையன் என்றால் முடங்கிப் போயிருப்பான். நாராயண் படித்தார்... படித்தார்... படித்துக் கொண்டே இருந்தார். தலைமை ஆசிரியரின் பிள்ளை ஆயிற்றே... அப்பாவின் பள்ளி நூலகமும், அங்கே வரும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் அவருக்குக் கிடைத்தன. டிக்கன்ஸ் எழுதிய நாவல்கள், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில், சிரிக்கச் சிரிக்க எழுதும் உட்ஹவுஸ் என்று எதையும் விட்டு வைக்கவில்லை.

1926ல் தேர்ச்சி பெற்று, மைசூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1930ல் பட்டம் வாங்கினார். மற்றவர்களைவிட ஒரு வருடம் கூடுதலாகத்தான் ஆனது. ஆனால், அந்தத் தோல்வி வருடத்தில் படித்த புத்தகங்கள், அவருக்கு ஆயுசுக்கும் கைகொடுத்தன.

நாவலாசிரியரின் முதல் ஷிஃப்ட், படிப்பதுதான்!

* * *

விஜயதசமியில் வந்த ஊர்!

1930ம் ஆண்டு, விஜயதசமி நாள். பெங்களூரில், பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொல்ல, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எழுத உட்கார்ந்தார் நாராயண். நாம் அரிசியில், 'அ' எழுதிப் படிப்பை ஆரம்பிக்கும் அதே நாள்!

என்ன எழுதுவது? மனதில் ஒரு சின்ன ரயில் நிலையம் வந்து நின்றது. அதில் ஒரு பெயர்ப் பலகை: மால்குடி!

இந்தியா வரைபடத்தில் தேடாதீர்கள்... கிடைக்காது. அது நாராயண் கற்பனையில் கட்டிய ஊர். அங்கே சரயு என்ற ஆறு ஓடும். ஆல்பர்ட் மிஷன் பள்ளி இருக்கும். கடைத்தெரு இருக்கும். அந்த ஊருக்குள்தான் சுவாமியும், முரட்டு மணியும், போலீஸ் சூப்பரின்டென்டென்ட் மகன் ராஜமும் சுற்றித் திரிந்தார்கள். எம்.சி.சி., என்ற கிரிக்கெட் கிளப் ஆரம்பித்தார்கள். அதாவது, மால்குடி கிரிக்கெட் கிளப்!

அப்புறம் 60 ஆண்டுகளுக்கு மேல், நாராயண் எழுதிய கதைகளில் பெரும்பாலானவை இந்த ஊரில்தான் நடந்தன. ஒரு நாவலில் அச்சுக்கூடக்காரர். இன்னொன்றில் மிட்டாய் வியாபாரி. வேறொன்றில், ஒரு புலியே தன் கதையைச் சொல்லும்!

* * *

வாத்தியார் வேலை... நிருபர் வேலை!

நாவல் எழுதினால் உடனே சாப்பாடு கிடைத்து விடுமா? நாராயண் எழுத்தில் சம்பாதித்த முதல் ஆண்டுப் பணம் எவ்வளவு தெரியுமா? ஒன்பது ரூபாய், பன்னிரண்டு அணா! ஒரு மாதத்துக்கு இல்லை, குட்டீஸ்... ஒரு வருடம் முழுவதற்கும்!

அப்பா தலைமை ஆசிரியர் என்பதால், மகனுக்கும் வாத்தியார் வேலை கிடைத்தது. பெங்களூர் - மைசூர் சாலையில், மரப் பொம்மைகளுக்குப் பேர் போன சென்னபட்டணத்தில், ஓர் அரசுப் பள்ளி. ஆங்கிலம் நடத்தப் போனவரிடம், உடற்பயிற்சி வகுப்பையும் பார்த்துக் கொள்ளச் சொன்னார்கள். 'இது நமக்கு ஒத்து வராது...' என்று, சில நாட்களிலேயே வீடு திரும்பி விட்டார்.

'சுவாமியும் நண்பர்களும்' நாவலில், உடற்பயிற்சி வகுப்பால்தான் சுவாமிக்கும் வம்பு வரும். கிரிக்கெட் பயிற்சிக்குப் போக முடியாமல் தவிப்பான். கடைசியில் ஊரை விட்டே ஓடி, காட்டில் வழி தவறி, முக்கியமான மேட்சையே கோட்டை விடுவான். வாத்தியாராக நாராயணுக்கும் அது ஆகவில்லை. மாணவனாகச் சுவாமிக்கும் ஆகவில்லை!

பிறகு, 'ஜஸ்டிஸ்' என்ற சென்னைப் பத்திரிகைக்கு, மைசூர் நிருபர் ஆனார். தினமும் கோர்ட், கடைத்தெரு, நகராட்சி என்று நடையாய் நடந்து செய்தி சேகரிப்பார். அச்சான செய்தியின் நீளத்தை அளந்து காசு கொடுப்பார்கள். வருமானம் கொஞ்சம்தான். ஆனால், அந்த நடையில் அவருக்குக் கிடைத்தது ஏராளம். வாய்ச் சவடால் பேசுபவர், வழக்குக்கு அலைபவர், வட்டிக்கு விடுபவர், ஏமாந்து நிற்பவர்... எத்தனை மனிதர்கள்! அவர்களில் பலர் வேஷம் மாற்றி மால்குடிக்குள் நுழைந்து விட்டார்கள்.

பிறர் கண்ணுக்கு வெட்டியாகச் சுற்றுவது போலத் தெரியும். நாவலாசிரியருக்கு அதுதான் இரண்டாவது ஷிஃப்ட். பார்ப்பதும், கேட்பதும்!

* * *

செங்கல்லைக் கட்டி ஆற்றில் போடு!

சுவாமியின் கதையை எழுதி முடித்து, லண்டனில் இருந்த பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. மனம் நொந்து போனார். அப்போது, ஆக்ஸ்போர்டில் படித்துக் கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு, 'இனி கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒரு செங்கல்லைக் கட்டி, தேம்ஸ் நதியில் போட்டு விடு' என்ற மாதிரி எழுதி விட்டார்!

நல்ல வேளை... நண்பர் போடவில்லை. அங்கே இருந்த கிரகாம் கிரீன் என்ற இளம் எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்தார், அசந்து போனார். தானே பதிப்பாளரைப் பிடித்தார். 1935ல் புத்தகம் வெளிவந்தது. 'நாராயணசுவாமி' என்ற நீண்ட பெயர், 'ஆர்.கே.நாராயண்' என்று சுருங்கியதும் கிரீன் யோசனையால்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு நண்பர்களும் நேரில் சந்தித்தது, 1956ல்! அதுவரை, 20 ஆண்டுகளுக்கும் மேல் கடிதத்திலேயே நட்பு வளர்ந்தது.

* * *

எட்டு ஜன்னல்... ஒரு திரை!

சரி, எழுதுவது எப்படி?

மைசூர் யாதவகிரியில் நாராயண் ஒரு வீடு கட்டினார். எழுதுவதற்கென்றே ஓர் அறை. அதில் எட்டு ஜன்னல்கள்! ஒரு பக்கம் பார்த்தால், சாமுண்டி மலைக் கோவில். இன்னொரு பக்கம், நகரத்துக் கோபுரங்கள். மாடு மேயும், ரயில் போகும், பறவை கத்தும். தேக்கு மர மேஜை, வசதியான நாற்காலி எல்லாம் தயார்.

ஆனால், எழுத்து மட்டும் நகரவில்லை! ஏன்? ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? கனமான திரைச் சீலை வாங்கி, ஜன்னல்களை மூடிவிட்டார். வேறு வழியில்லாமல் பேனா நகர்ந்தது. தினமும் இவ்வளவு எழுத வேண்டும் என்று அளவு வைத்துக்கொண்டு எழுதினார்.

உங்களுக்கு டிவியும், மொபைலும் எப்படியோ, அப்படித்தான் அவருக்கு அந்த ஜன்னல்கள். பெரிய எழுத்தாளருக்கும் கவனம் சிதறும். அதற்குத் திரை போடத் தெரிந்திருப்பதுதான் மூன்றாவது ஷிஃப்ட்!

அந்த யாதவகிரி வீடு, 2016 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. மைசூர் போனால், அரண்மனையையும் மிருகக்காட்சி சாலையையும் பார்த்துவிட்டு, இங்கேயும் எட்டிப் பாருங்கள்.

* * *

காவிரி காய்ந்த கோடை!

ஒரு முறை மைசூர் பக்கம் கடும் வறட்சி. ஆறு, ஏரி எல்லாம் வறண்டன. கிருஷ்ணராஜ சாகர் அணையிலும் தண்ணீர் இல்லை. ஒகேனக்கல்லுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், காவிரி காய்ந்தால் எல்லைக்கு இந்தப் பக்கம் நம் வயிறும் சேர்ந்து காயும் என்பது!

மழைக்காக ஒரு வழிபாடு நடந்தது. காவிரியின் காய்ந்த படுகையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, சிலர் விரதம் இருந்து, 11 நாட்கள் மந்திரம் சொன்னார்கள். 12ம் நாள் மழை பெய்தது!

இந்தச் செய்தி நாராயண் மனதில் விதையாக விழுந்தது. ஒரு கேள்வி முளைத்தது. மழைக்காக விரதம் இருப்பவர் நிஜமான சாமியாராக இல்லாமல் இருந்தால்? ஊரே அவரை மகான் என்று நம்பிவிட்டால்? அவர் என்ன செய்வார்? ஓடிப் போவாரா, அல்லது அந்த நம்பிக்கைக்காக நிஜமாகவே பட்டினி கிடப்பாரா?

இதுதான், 'வழிகாட்டி' என்று பொருள்படும், 'தி கைடு' நாவல். கோடையில் வந்த கருவை அவர் எழுதியது எங்கே தெரியுமா? 1956ல் ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியுடன் அமெரிக்கா போனபோது, கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரின் ஹோட்டல் அறையில்! மைசூர் வெயிலும், காய்ந்த ஆறும், பல்லாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் அவர் பேனாவில் உயிர் பெற்றன.

அந்தப் பயணத்தில் அவருக்குக் கூட்டங்கள், சந்திப்புகள், விருந்துகள் என்று ஏகப்பட்ட வேலை. இந்தியாவைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்வார். சைவச் சாப்பாடு கிடைக்கத் திண்டாடியதையும், சந்தித்த மனிதர்களையும், தனியாக நாட்குறிப்பில் எழுதி வைத்துப் புத்தகமாக்கினார். ஆனால், எத்தனை பேர் அழைத்தாலும், நாவலுக்கான நேரத்தை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. சுமார் மூன்று மாதங்களில் நாவல் தயார்!

1958ல் வெளியான, 'தி கைடு' நாவலுக்கு, 1960ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதிய இந்தியருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

* * *

தாத்தா பேசினார்... நாடு கேட்டது!

இப்போது, உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம், குட்டீஸ்.

1986ல் நாராயண், ராஜ்யசபா என்ற மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர் ஆனார். கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவையில் சிறந்தவர்களை ஜனாதிபதி நியமிப்பது வழக்கம். ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருக்கலாம்.

நாராயண் கூச்ச சுபாவம் உள்ளவர். மேடைப் பேச்சு அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 80 வயதைத் தாண்டிய அந்தத் தாத்தா, 1989ல் தன் முதல் உரையை ஆற்ற எழுந்தார். நாட்டின் பெரிய பெரிய பிரச்னைகளைப் பேசும் சபை அது. அவர் எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா?

உங்கள் புத்தகப் பையைப் பற்றி!

தூக்கம் கலையும் முன்பே குழந்தையைப் படுக்கையிலிருந்து இழுத்து, குளிப்பாட்டி, சீருடைக்குள் திணித்து, முதுகில் மூட்டையை ஏற்றி அனுப்புகிறோம் என்றார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் போக, ஒரு குழந்தை 6 முதல் 8 கிலோ வரை சுமக்கிறது என்று விசாரித்துச் சொன்னார். சுமையால் முதுகு வளைந்து, சிம்பன்சி குரங்கு போலக் கைகளை முன்னால் தொங்கவிட்டு நடக்கிறார்கள் என்று வருந்தினார். மாலையிலும் வீட்டுப் பாடம், டியூஷன்... குழந்தைக்கு விளையாடவும், சும்மா வேடிக்கை பார்க்கவும், கனவு காணவும் நேரமே இல்லையே என்று கேட்டார். தேவைப்பட்டால் சட்டம் போட்டாவது புத்தகப் பையை ஒழியுங்கள் என்றார்!

யோசித்துப் பாருங்கள்... 1935ல், மாம்பழக் கணக்கோடு போராடிய சுவாமியைப் படைத்தவர், 54 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பையனை மறக்கவில்லை. ஓட்டுப் போடும் வயது குழந்தைகளுக்கு இல்லை. ஊர்வலம் போகவும், மனு எழுதவும் தெரியாது. அவர்களுக்காக, அவர்கள் கண்ணால் உலகத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பேசினார். அதற்குத்தான் அத்தனை வருடம் படித்ததும், நடந்ததும், கவனித்ததும், எழுதியதும்!

* * *

அப்புறம் என்ன நடந்தது?

அந்தப் பேச்சு வீண் போகவில்லை. 1992ல் மத்திய அரசு, விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1993ல், 'சுமையின்றிக் கற்றல்' என்ற பொருளில் அறிக்கை வந்தது. அதில் முக்கியமான ஒரு கருத்து உண்டு. முதுகில் இருக்கும் சுமையைவிட, புரியாமல் மனப்பாடம் செய்கிறோமே... அந்தச் சுமைதான் அதிகம் என்றது அறிக்கை.

தமிழகத்தில், 2012 - 13ம் கல்வி ஆண்டில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஒரு வருடப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்ததால், பையின் எடை குறைந்தது.

2018ல் மத்திய அரசு, பையின் எடைக்கு ஓர் அளவே சொன்னது. 1, 2ம் வகுப்புக்கு ஒன்றரை கிலோ. 3 முதல் 5 வரை, 2 முதல் 3 கிலோ. 6, 7க்கு 4 கிலோ. 8, 9க்கு நாலரை கிலோ. 10ம் வகுப்புக்கு 5 கிலோ. 2020ல் வந்த பள்ளிப் பைக் கொள்கை, மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. நீங்கள் 30 கிலோ என்றால், பை 3 கிலோ!

விதி வந்துவிட்டது. உங்கள் பை குறைந்ததா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆர்.கே.நாராயண், 2001 மே 13ல், தன் 94வது வயதில், சென்னையில் காலமானார். பத்ம விபூஷண் விருது வரை பெற்றவர். அவரது தம்பிதான், புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லட்சுமண். அண்ணனின் மால்குடிக்குப் படம் வரைந்தவரும் அவர்தான்!

* * *

எல்லை ஊர் எழுத்தாளர்கள்!

* ராஜாஜி: ஓசூர் அருகே தொரப்பள்ளியில், 1878ல் பிறந்தவர். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல். ராமாயணத்தை எளிய தமிழில் சொன்ன, 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்கு, 1958ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார்.

* மாஸ்தி வெங்கடேச ஐயங்கார்: எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் மாவட்டம் மாலூர் வட்டத்தில், 1891ல் பிறந்தவர். வீட்டு மொழி தமிழ், எழுதியது கன்னடத்தில்! அரசுப் பணியில் இருந்து கொண்டே கதைகள் எழுதியவர். 'சிக்கவீர ராஜேந்திரா' என்ற நாவலுக்காக, 1983ம் ஆண்டின் ஞானபீட விருது இவருக்குக் கிடைத்தது.

* மால்குடி ஸ்டேஷன்: நாராயண் கதைகளை, 1980களில் தூர்தர்ஷன் தொடராகக் காட்டியது. இயக்கியவர் ஷங்கர் நாக். அதில் மால்குடி ரயில் நிலையமாக நடித்தது, கர்நாடகாவின் அரசாளு என்ற சின்ன ஸ்டேஷன். 2020ல், அங்கே மால்குடி அருங்காட்சியகம் அமைத்தார்கள்.

* * *

லீவில் செய்து பாருங்களேன்!

1. ஒரு நோட்டு போடுங்கள். தினமும் நீங்கள் கவனித்த ஒரே ஒரு மனிதரைப் பற்றி, ஐந்து வரி எழுதுங்கள். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை தூக்குபவர், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று மொழியில் கூவிப் பயணிகளை அழைப்பவர், ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கும் அக்கா, ராத்திரி ஷிஃப்ட் முடித்து வரும் பக்கத்து வீட்டு மாமா... யாராகவும் இருக்கலாம். ஒரு மாதத்தில், உங்களிடம் ஒரு குட்டி மால்குடியே இருக்கும்!

2. நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். பாடப் புத்தகம் தவிர்த்து, வாரத்துக்கு ஒரு புத்தகம். ஓசூரில் புத்தகத் திருவிழா நடக்கும்போது, எழுத்தாளர் யாராவது பேச வந்தால், தயங்காமல் போய்க் கேள்வி கேளுங்கள். 'தினமும் எத்தனை மணிக்கு எழுதுவீர்கள்?' என்று ஆரம்பிக்கலாம்.

3. பள்ளி திறந்ததும், மளிகைக் கடைத் தராசில் உங்கள் பையை நிறுத்துப் பாருங்கள். உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பை அதைவிட அதிகமா? எடையை எழுதி, வகுப்பு ஆசிரியரிடம் காட்டி, எந்த நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று கேளுங்கள்.

அட, மாம்பழக் கணக்கை மறந்து விட்டோமே! 10 பழம் 15 அணா என்றால், ஒரு பழம் ஒன்றரை அணா. 4 பழத்துக்கு, 6 அணா. (அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா.)

ஆனால், பழுத்த பழமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், சரியா?